அம்மாவின் ஐசி வயது

எங்கள் சொந்தக்காரர்களிடம் வயதைக் கேட்டால் உடனே பதில் வராது. "ஐசி வயசா, நெஜ வயசா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அடையாள அட்டையில் இருப்பது ஒன்று, பிறந்து வளர்ந்தது வேறொன்று. தோட்டத்தில் பிறந்த தலைமுறைக்கு இது வியப்பே இல்லை. பிள்ளை பிறந்து பல மாதம் கழித்துப் பதிவுக்குப் போவார்கள். சிலர் போகவே மாட்டார்கள். தோட்ட அலுவலகத்துக் கிராணி, அதாவது எழுத்தர், பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து ஒரு வருடத்தை எழுதிக்கொள்வார். என் தாய்மாமாவுக்கு ஐசியில் அறுபத்திரண்டு. அவரைக் கேட்டால் அறுபத்து நான்கு என்பார். அம்மாவுக்கு நேர் எதிர். ஐசியில் அறுபது, நிஜத்தில் ஐம்பத்தேழு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரையும் கிராணி இரண்டு திசையில் தள்ளிவிட்டார் என்று நாங்கள் சிரிப்போம்.

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அது அம்மா போட்ட நிபந்தனை. காரணம் போகப் போகத் தெரியும்.

நான் கோலாலம்பூரில் வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை ஜொகூர் தோட்டங்களில் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், அதை யார், எப்படி எழுதி வைத்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. இதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது. காப்பித் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்தவர்கள், காப்பி போய் ரப்பர் வந்ததும் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள், ரப்பர் போய்ப் பாமாயில் எடுக்கும் செம்பனை வந்ததும் களை மருந்து அடித்தவர்கள் என்று எல்லா வரிசையிலும் பெண்கள் நிற்கிறார்கள். ஆணுக்கு நிகராக விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனவர்களுக்கு நெடுங்காலம் ஆணைவிடக் குறைந்த கூலி. பழைய ஏடுகளில் பலருக்குப் பெயர்கூட இல்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் ஏறிவிடும். மாமா என்னை "புரொபசர்" என்றுதான் கூப்பிடுவார். மரியாதையாக அல்ல.

அம்மா குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே தொப்பியின் நிறத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள்ளலாம். லைனில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு நீலம். லைன் லீடருக்கு மஞ்சள். சூப்பர்வைசருக்கு வெள்ளை. அம்மா நீலத் தொப்பியில் பாதி ஆயுளைக் கழித்தார். பிறகு நெடுங்காலம் மஞ்சள். டிப்ளோமாவோடு வந்த பையன்களுக்கு நுண்ணோக்கியில் எதைப் பார்க்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று அம்மாதான் காட்டிக்கொடுப்பார். ஆறு மாதத்தில் அவர்கள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அம்மாவுக்கு உத்தரவு போடுவார்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் என்பதால் அம்மாவுக்கு மஞ்சளுக்கு மேல் இல்லை என்பது எழுதாத சட்டம்.

போன வருடம் அந்தச் சட்டம் உடைந்தது. மருத்துவக் கருவிகளுக்கான சிறு பாகங்கள் செய்ய ஒரு புதிய லைன் போட்டார்கள். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு ஆட்கள் எல்லா லைனையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை யார் பார்த்துக்கொள்வது என்று அம்மாவின் லைனைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்தப் புதிய லைனின் பொறுப்போடு அம்மாவுக்கு வெள்ளைத் தொப்பி வந்தது. காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் வந்தது. அதுவரை அந்த அறைக்குள் அம்மா போனதெல்லாம் யாரோ கேட்ட கோப்பைக் கொடுத்துவிட்டு வரத்தான். முதல் நாள் கூட்டம் முடிந்து வந்து, அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, உட்கார்ந்ததும் பின்னால் ஓடப் பார்த்தது, மேசையைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளைத் தொப்பிக்குப் பதினோரு மாதம் ஆனபோதுதான் கடிதம் வந்தது.

வார இறுதிக்காக ஊருக்கு வந்திருந்தேன். கோலாலம்பூர் பேருந்து யோங் பெங்கில் இறக்கிவிடும். அங்கிருந்து அம்மா காரில் கூட்டிப் போவார். இரண்டு பக்கமும் செம்பனை. வழக்கமாக நான் பேசுவேன், அம்மா ஓட்டுவார். அன்று அம்மாவே தொடங்கினார். ஐசியில் அறுபது முடிய இன்னும் மூன்று மாதம். அன்றோடு வேலை முடிகிறது என்று எச்ஆரிலிருந்து கடிதம் கொடுத்துவிட்டார்கள். கேக் எந்தக் கடையில் வாங்கலாம் என்றுகூட அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

"புது லைன்ல பதினாலு பிள்ளைங்க. இப்பதான் கை பழகுது. இன்னும் மூணு வருஷம் இருந்தா, அந்த லைன் யாருக்கும் பயப்படாம நிக்கும். அத நின்னு பாத்துட்டுப் போலாம்னு இருந்தேன்."

அம்மா தனக்காக எதையும் கேட்டு நான் கேட்டதில்லை. இதுவும் கேட்பது போல இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனால் எனக்குள் ஏதோ எரியத் தொடங்கிவிட்டது. மூன்று வருடம்! சரியாக அந்த மூன்று வருடத்தைத்தானே கிராணி அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்? ஒரு மனிதர் சோம்பேறித்தனமாக எழுதிய ஓர் எண், அரை நூற்றாண்டு கழித்து அம்மாவின் தொப்பியைக் கழற்ற வருகிறது. என் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது எங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நிரூபித்துவிடலாம், தோட்டப் பள்ளிப் பதிவேட்டில் உண்மையான தேதி இருக்கும், அதைக் கொண்டுபோய் ஐசியைத் திருத்தலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"வேணாம்" என்றார் அம்மா.

ஏன் என்று கேட்டேன். அம்மா ரேடியோவைப் போட்டார். அலைச்சலுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு படித்தும் ஒருவர் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள் என்பது எனக்குத் தெரியவில்லை.

அம்மா பிறந்தது பாலோ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. பள்ளியை மட்டும் டவுனுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனதும், மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கடன் வாங்கிக்கொண்டு அங்கே போனேன். தலைமையாசிரியைக்கு என்னைவிட ஆர்வம். பழைய அலமாரியைத் திறந்து, கரையான் அரித்த சேர்க்கைப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி, நானும் பார்க்கிறேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமாவின் பெயர் சுலபமாகக் கிடைத்தது. தாத்தாவின் பெயர், லயத்து எண், எல்லாம் சரி. அம்மாவின் பெயரைத் தேடினேன். ஐசியில் இருக்கும் வருடத்துக்குத் தேடினேன், நிஜ வயதுக்குத் தேடினேன், முன்னும் பின்னும் ஐந்து வருடம் தேடினேன். அம்மாவின் பெயரில் ஒரு பிள்ளையும் அந்தப் பள்ளியில் சேரவில்லை. ஆனால் நிஜ வயதுக்குப் பொருந்தும் வருடத்தில், அதே தாத்தாவின் மகளாக, அதே லயத்து எண்ணில், நான் கேள்விப்படாத ஒரு பெயரில் ஒரு சிறுமி சேர்ந்திருக்கிறாள். ஆறாம் வகுப்புவரை படித்திருக்கிறாள். பிறப்புப் பத்திரம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பெயரைச் சொல்லி, இது யார் என்று மாமாவிடம் கேட்டேன். மாமா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். டயரை விட்டுக் கையெடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"அது உங்கம்மாதான், புரொபசர். இப்ப ஐசியில இருக்கற பேரு எங்க பெரிய தங்கச்சி பேரு. அவ அஞ்சு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. மத்ததெல்லாம் உங்கம்மாகிட்டயே கேட்டுக்கோ. நான் சொல்லிட்டேன்னு சொல்லாத." பிறகு, "சொன்னாலும் பரவால்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அம்மாவைப் 'பாப்பா' என்று மட்டுமே கூப்பிடுவது. ஐசியில் உள்ள பெயரைத் தொழிற்சாலை ஆட்களும் வங்கிக்காரர்களும் மட்டுமே சொல்வது. தீபாவளிக்கு முதல் நாள் படையல் போடும்போது, இறந்தவர்களுக்கான இலைகளுக்குப் பக்கத்தில் அம்மா ஒரு சின்னப் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் வைப்பது. அது குடும்பத்துக் கன்னிக்கு என்பார். மறுநாள் அதைப் பக்கத்து வீட்டுச் சிறுமி யாருக்காவது கொடுத்துவிடுவார். பல வீடுகளில் செய்வதுதானே என்று நான் கேட்டதே இல்லை. நூறு வருடத்துப் பெண்களைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிந்த எனக்கு, எங்கள் வீட்டுப் பாவாடை யாருடைய அளவு என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மா மறுநாளைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பதிவேட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, தமிழிலா என்று கேட்டார். தமிழில்தான் என்றேன். தலையாட்டினார். பிறகுதான் சொன்னார்.

அக்காவுக்குப் பதிவு இருந்தது. அம்மாவுக்கு இல்லை, அந்த வருடம் தாத்தா வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார், பிறகு யாருக்கும் நினைவில்லை. அக்கா இறந்ததையும் யாரும் போய்ப் பதியவில்லை. ஆக, இருந்த பிள்ளைக்குக் காகிதம் இல்லை. காகிதம் இருந்த பிள்ளை இல்லை. பள்ளி முடிந்து பாட்டியோடு களை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார் அம்மா. அப்படியே மூன்று வருடம். அப்போதுதான் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க ஒரு வேன் தோட்டத்துக்கு வந்தது. பெண்பிள்ளைகள்தான் வேண்டும். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஐசி இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பதினைந்து.

இதுவரை நான் நினைத்திருந்த கதையில் பெரியவர்கள் யாரோ ஒரு சிறுமியின் வயதை மாற்றினார்கள். நடந்தது அது இல்லை. தகரப் பெட்டியிலிருந்து அக்காவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்தது அம்மா. யாருக்கும் சொல்லாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிராணி முன்னால் போய் நின்றதும் அம்மாதான். அந்தக் கிராணிக்கு அக்காவை அடக்கம் செய்த நாளே நினைவிருந்திருக்கும். அவர் பத்திரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"'உனக்கு பதினெட்டா'ன்னு கேட்டாரு. 'காகிதத்துல அப்படித்தான் இருக்கு'ன்னேன். பேசாம கையெழுத்துப் போட்டுட்டாரு."

அந்தக் கையெழுத்தோடு பதிவு அலுவலகம் போய் ஐசி எடுத்தார். வீட்டில் தெரிந்ததும் பாட்டி ஒரு நாள் முழுக்க அழுதாராம். தாத்தா ஒரு வாரம் பேசவில்லை. முதல் நாள் விடிகாலையில் ஃபேக்டரி பஸ் வந்தபோது, பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் எல்லாரும் பெரட்டுக் களத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா சன்னலோரத்தில் உட்கார்ந்து போனார். அக்காவின் பெயரை யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழக இரண்டு மாதம் ஆனதாம். லீடருக்கு இந்தப் பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எண்ணம்.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே அம்மா சொல்லிவிட்டாராம். லோரி ஓட்டுபவரான அப்பா யோசித்துவிட்டு, வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள வருடத்தைவிட வண்டி புதுசாக இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று சொன்னாராம்.

அப்போதுதான் அந்த 'வேணாம்' எனக்கு முழுசாக விளங்கியது. ஐசியைத் திருத்தப் போனால் மூன்று வருடம் மட்டும் குறையாது. அம்மாவின் நிஜப் பெயரில் இந்த நாட்டில் ஒரு காகிதமும் இல்லை. கரையான் தின்ற ஒரு பள்ளிப் பதிவேட்டைத் தவிர. கல்யாணப் பதிவு, வீடு, பாஸ்போர்ட், என் பிறப்புப் பத்திரம் எல்லாம் அக்காவின் பெயரில் நிற்கின்றன. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எது மிஞ்சும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயதில் பிறக்காத ஆளாக நிற்க அவர் தயாரில்லை.

"ஐசிதான் நானு. அத விட்டுரு. வேற வழி இருக்கான்னு பாரு" என்றார்.

வேறு வழி ஒன்று இருந்தது. அறுபது முடிந்தவர்களை நிர்வாகம் விரும்பினால் ஒவ்வோர் ஆண்டாக ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் தொழிற்சாலையில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்; இரண்டு பேரும் ஆண்கள், இரண்டு பேரும் இயந்திரம் பழுது பார்ப்பவர்கள். லைனிலிருந்து வந்த பெண் எவரும் அப்படிக் கேட்டதில்லை. நான் கடிதம் எழுதுகிறேன் என்றேன். இரண்டு நாள் எழுதினேன். மலாயில் மூன்று பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, காப்பி, ரப்பர், குறைந்த கூலி, ஃபேக்டரி பஸ் வழியாக அம்மாவின் வெள்ளைத் தொப்பியில் வந்து முடிந்தது. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் எச்ஆரில் இருக்கும் பெண்ணுக்குக் கைக்குழந்தை, இதைப் படிக்க அவளுக்கு நேரம் ஏது என்றார். பின்பக்கத்தில் பென்சிலால் தானே எழுதினார். நான்கே வரி. புதிய லைனில் பதினான்கு பேருக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். ஆறு பேர் தயார். எட்டுப் பேர் இன்னும் தயாராகவில்லை. அவர்கள் தயாராகும்வரை சூப்பர்வைசராகவே தொடர விரும்புகிறேன். இதை மட்டும் தட்டச்சு செய்து தரச் சொன்னார். கசப்போடுதான் செய்தேன். என் மூன்று பக்கத்தைவிட அது எவ்வளவு நல்ல கடிதம் என்பதை ஒத்துக்கொள்ள எனக்குச் சில வாரம் ஆனது.

கடைசி நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். எச்ஆர் பெண்ணும், உற்பத்திப் பிரிவு மேலாளரும் இருந்தார்கள். மேலாளர் சீனர், நாற்பதைத் தாண்டாதவர். பயிற்சி மாணவராக வந்தபோது அம்மாவின் லைனில் ஒரு மாதம் உட்கார்ந்தவர். ஓராண்டு ஒப்பந்தம் தருகிறோம், பயிற்சியாளராக இருங்கள், ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு சூப்பர்வைசர் பதவி தரும் வழக்கம் இல்லை என்றார்கள். மஞ்சள் தொப்பி. காலைக் கூட்டம் கிடையாது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அம்மா, அப்படியானால் வேண்டாம் என்று மலாயில் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைகளுக்குக் கை பழக்குவது மட்டும் பயிற்சி இல்லை. இயந்திரம் சரியில்லை என்றால் லைனை நிறுத்த வேண்டும். மஞ்சள் தொப்பி நிறுத்தச் சொன்னால் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார்கள், அதற்குள் அரை நாள் சரக்கு வீணாகும். வெள்ளைத் தொப்பி சொன்னால் உடனே நிறுத்துவார்கள் என்று விளக்கியிருக்கிறார். மேலாளர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாராம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அந்த ஒரு வாரம் அம்மா வழக்கம் போல வேலைக்குப் போனார், வந்தார், இஸ்திரி போட்டார். நான்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை, பேசாமல் மஞ்சளையே ஒத்துக்கொண்டிருக்கலாமோ என்று கேட்டுவிட்டேன். அம்மா திருப்பிக் கேட்டார்:

"பதினஞ்சு வயசுல ஒண்ணும் இல்லாம போய் நின்னு கேட்டேன். இப்ப கை நெறைய வேலை தெரியும். இப்ப போய் கொறச்சுக் கேப்பேனா?"

அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஓராண்டு. சூப்பர்வைசர். வெள்ளைத் தொப்பி. கேக்கை முன்பே சொல்லிவிட்டதால் அதை நிறுத்த முடியவில்லை. பணி ஓய்வு வாழ்த்து எழுதிய கேக்கை வெட்டி எல்லாரும் தின்றுவிட்டு மறுபடி லைனுக்குப் போனார்களாம். லைனில் வேலை செய்யும் நேப்பாளப் பிள்ளை ஒருத்தி வாழ்த்து எழுதியிருந்த பகுதியை முதலில் தின்றுவிட்டாள் என்று சொல்லும்போது அம்மாவின் குரலில், அன்று நாற்காலி ஓடப் பார்த்ததைச் சொன்னபோது இருந்த அதே சிரிப்பு இருந்தது.

ஏடுகளில் பெயரில்லாமல் நிற்கும் பெண்களைப் பற்றி நான் இப்போதும் படிக்கிறேன், எழுதுகிறேன். ஆனால் 'இன்னாருடைய மகள்' என்ற வரியைப் பார்த்தால் முன்பு போல உடனே பரிதாபம் வருவதில்லை. இவள் அன்றைக்கு எதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு யார் முன்னால் போய் நின்றாளோ என்றுதான் முதலில் யோசிக்கிறேன். எழுதிய ஆளுக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அந்தக் கிராணியைப் போலக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எட்டில் இப்போது ஐந்து பேர் தயாராம். மிச்சம் மூன்று பேர். அவர்களும் தயாராகிவிட்டால் ஒப்பந்தத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று நான் கவலைப்பட்டேன். அம்மா அதற்கும் யோசித்து வைத்திருந்தார்: பக்கத்தில் இரண்டாவது லைன் போடப் போகிறார்கள், காலைக் கூட்டத்தில் பேச்சு வந்துவிட்டது, அதற்கு இருபது பேர் எடுப்பார்கள்.

"அடுத்த வருஷத்துக்கும் லெட்டர் அடிச்சு வை" என்றார். "அதே நாலு வரிதான். ஆள் கணக்க மட்டும் மாத்து. உன் காப்பித் தோட்டத்த உள்ள கொண்டு வந்துராத."